ஐஸ் ஹவுஸ் டீச்சர்கள்

சென்னையில் பெண் கல்வி வளர்ந்த கதையைச் சொல்லும்போது வழக்கமாகப் பள்ளிக்கூடங்களைத்தான் எண்ணுவோம். எந்த வருஷம் எந்தப் பள்ளி, நிலம் கொடுத்தது யார், திறந்து வைத்தது எந்தத் துரை என்று பட்டியல் போகும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொரு கேள்வி. அந்தப் பள்ளிகளில் பாடம் நடத்தியது யார்?

நூறு வருஷத்துக்கு முன்னால், வயதுக்கு வரப்போகிற பெண்ணை ஆண் வாத்தியார் முன்னால் உட்கார வைக்கப் பெரும்பாலான வீடுகள் சம்மதிக்கவில்லை. சரி, பெண் வாத்தியாரை வைக்கலாம் என்றால், அவள் முதலில் படித்திருக்க வேண்டுமே. படிக்க வேண்டிய வயதில் அவளுக்குக் கல்யாணம் முடிந்துவிடும். அப்புறம் சமையல், பிள்ளைகள், மாமியார் வீடு. அதனால் ஆசிரியைகள் இல்லை. ஆசிரியைகள் இல்லாததால் பெண்களுக்குப் பள்ளி இல்லை. பள்ளி இல்லாததால் நாளைக்கும் ஆசிரியைகள் இல்லை. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்த இந்தியப் பெண்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தார்கள். கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளில் ஆசிரியைகள் இருந்தார்கள். ஆனால் மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் பல இந்துக் குடும்பங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் என்று ஒரே ஒருவரைச் சொல்லச் சொன்னால், நான் ஆர். எஸ். சுப்பலட்சுமியின் பெயரைத்தான் சொல்வேன். எல்லோரும் அவரை சிஸ்டர் என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

சிஸ்டர் பிறந்தது 1886 ஆகஸ்ட் 18, மயிலாப்பூரில். பூர்வீகம் தஞ்சாவூர் ஜில்லா ரிஷியூர். அப்பா சுப்பிரமணிய ஐயர், அம்மா விசாலாட்சி. அவர்களுக்கு இவர்தான் மூத்த மகள். ஒன்பது வயதில், நாலாம் வகுப்புப் பொதுத் தேர்வில் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே முதலிடம் வாங்கினார். அந்தக் காலத்து ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இதற்கு அப்புறம் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்யாணம் நடந்தது. கொஞ்ச நாளிலேயே அந்தப் பையன் இறந்துபோனான். குடும்பம் நடத்துவதென்றால் என்னவென்றே தெரியாத சிறுமி விதவையானாள்.

குழந்தை விதவை என்ற சொல்லை நாம் சட்டென்று படித்துவிட்டுப் போய்விடுகிறோம். அதன் உள்ளே இருப்பதை நான் புரிந்துகொண்டது எங்கள் அத்தைப் பாட்டியிடமிருந்து. அப்பாவின் பாட்டனாருக்குத் தங்கை. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில், நாலு கட்டு வீட்டின் பின்கட்டில்தான் அவருக்கு வாழ்க்கை முழுக்க. தலை மழித்து, முக்காட்டுடன், ரவிக்கை இல்லாமல், ஒற்றைப் புடவையில் இருந்தார். பகலில் ஒரு வேளை சாப்பாடு, ராத்திரிக்கு ஏதாவது பலகாரம். யாராவது வெளியே கிளம்பினால் அவர் எதிரே வரக் கூடாது என்பதற்காக, வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டாலே தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பாராம். வீட்டில் நடக்கும் கல்யாணத்துக்கு விடிய விடிய பட்சணம் செய்வது அவர்தான். முகூர்த்த நேரத்தில் மட்டும் மணையின் பக்கம் அவர் தலை தெரியக் கூடாது.

அப்பா சொன்ன ஒரு விஷயம் மட்டும் எனக்குள் அப்படியே நிற்கிறது. அத்தைப் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பால் கணக்கு, வண்ணான் கணக்கு, வீட்டுக்கு வந்த நெல்லின் கணக்கு எல்லாம் அவரிடம்தான். அடுக்களைச் சுவரில் கரித்துண்டால் கோடு போடுவார். பாலுக்கு நேர்க்கோடு, பாதிப் படிக்குக் குறுக்குக்கோடு, கடனுக்கு ஒரு சுழி. மாதக் கடைசியில் பால்காரர் வந்து நின்றால், பள்ளிக்கூடம் போய் வந்த ஆண்பிள்ளைகள் பேப்பரில் கூட்டி முடிப்பதற்குள் அவர் சுவரைப் பார்த்துத் தொகையைச் சொல்லிவிடுவாராம். அந்தத் தொகை ஒருநாளும் தப்பியதில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுவர் சுத்தமாகிவிடும். மறுநாள் மறுபடி முதல் கோடு. அப்படி ஒரு மூளையைப் பின்கட்டில் உட்கார வைத்துப் பால் கணக்குப் போட வைத்தோமே என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

சிஸ்டருக்கும் இதே கதிதான் காத்திருந்தது. அதைத் தடுத்தவர்கள் அப்பாவும் அம்மாவும்தான். மகளின் தலையை மழிக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்தார்கள், பிறகு கான்வென்டுக்கு அனுப்பினார்கள். சொந்தக்காரர்களும் அக்ரஹாரமும் என்ன பேசியிருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. கன்னியாஸ்திரீகளிடம் ஒரு பிராமண விதவைப் பெண்ணை அனுப்புவதா என்ற பேச்சு ஒரு பக்கம், கைம்பெண் தெருவில் நடந்து போவதா என்ற பேச்சு இன்னொரு பக்கம். சுப்பிரமணிய ஐயர் பெரிய மேடைச் சீர்திருத்தக்காரர் இல்லை, அரசாங்க உத்தியோகத்தில் இருந்த குடும்பஸ்தர். தன் மகள் விஷயத்தில் வளைந்துகொடுக்க மறுத்தார், அவ்வளவுதான். அந்த ஒரு மறுப்பின் பலன் பிற்பாடு எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பார்க்கும்போது, அவருக்கும் ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

சென்னையில் பெண்களுக்கென்று தனிக் கல்லூரி வந்தது 1914-ல்தான். இன்றைய ராணி மேரிக் கல்லூரி அது. சிஸ்டர் பட்டப்படிப்புக்குப் போனபோது அது இல்லை. அதனால் கடற்கரைச் சாலையில் இருந்த மாநிலக் கல்லூரிக்கே போனார். பெரும்பாலும் ஆண்கள் படிக்கிற இடம். 1911-ல் முதல் வகுப்பில் தேறி பி.ஏ. பட்டம் வாங்கினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவர். அப்போது அவருக்கு வயது 24.

பட்டம் வாங்கியதோடு அவர் நின்றிருந்தாலும் வரலாற்றில் ஒரு வரி கிடைத்திருக்கும். “முதல் பெண்” என்று போட்டு ஒரு படம் மாட்டியிருப்பார்கள். எனக்கு அவர் முக்கியமாவது அதற்கு அடுத்த வருஷங்களில் செய்த காரியத்தால்.

அந்தச் சமயத்தில் மாகாணக் கல்வித் துறையில் பெண்கள் பள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி கிறிஸ்டினா லிஞ்ச். நான் முதலில் சொன்ன அதே முடிச்சோடு அவர் தினமும் முட்டிக்கொண்டிருந்தார். பள்ளி திறக்கலாம், பலகை வாங்கலாம், உள்ளே நின்று பாடம் நடத்தப் பெண் வேண்டுமே. இந்துக் குடும்பங்கள் நம்பக்கூடிய பெண்ணாகவும் இருக்க வேண்டும். இந்த நேரத்தில்தான் லிஞ்சும் சிஸ்டரும் சந்தித்தார்கள். இருவர் மனதிலும் இருந்தது ஒரே யோசனை.

யோசனை இதுதான். கல்யாணமான பெண்ணுக்கு நேரம் இல்லை, கல்யாணமாகாத பெண் பத்துப் பன்னிரண்டு வயதுக்குமேல் கிடைப்பதே இல்லை. ஆனால் ஒவ்வொரு தெருவிலும் இளம் விதவைகள் இருக்கிறார்கள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, தனக்கென்று ஒரு குடித்தனம் இல்லை. வீட்டார் கண்ணில் அவள் சோற்றுக்குப் பாரம். அவளைப் படிக்க வைத்து டீச்சராக்கினால்? பாரம் என்று ஒதுக்கப்பட்டவள் சம்பாதிப்பாள், பெண் பிள்ளைகளுக்கு வாத்தியார் கிடைப்பார். நம் ஊர் வழக்கத்தையும் மனிதர்களின் மனக்கணக்கையும் முழுசாக அறிந்த ஒருவருக்குத்தான் இப்படித் தோன்றும். சீர்திருத்தம் என்றால் ஊரைத் திட்டுவதுதான் என்று நினைத்தவருக்கு இது தோன்றியிருக்காது.

எழும்பூரில் அப்பாவின் வீட்டிலேயே நாலே நாலு பெண்களோடு வேலை தொடங்கியது. கூடவே நின்றவர் சிஸ்டரின் சித்தி வாலாம்பாள். அவரும் இளம் வயதில் விதவையானவர். வந்து சேர்ந்த பெண்களுக்கு அவர்தான் அடுக்களையும் ஆதரவும். பொதுமேடையில் பெயர் அடிபடாத இப்படிப்பட்ட சித்திகள் இல்லாமல் எந்த விடுதியும் ஒரு மாதம்கூட ஓடாது என்பது விடுதி நடத்தியவர்களுக்குத் தெரியும். 1912-ல் சாரதா மகளிர் சங்கம் தொடங்கியது. வீட்டுப் பெண்கள் கூடிப் பேசவும், படிக்கவும், இந்த வேலைக்குக் கை கொடுக்கவும் ஓர் இடமாக அது அமைந்தது.

பெண்கள் சேரச் சேர வீடு போதவில்லை. திருவல்லிக்கேணிக்கு இடம் மாறினார்கள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் இல்லம் வந்து நின்ற இடம்தான் ஐஸ் ஹவுஸ்.

கடற்கரைச் சாலையில் வளைந்த முகப்போடு நிற்கும் அந்தக் கட்டடத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1842-ல் அமெரிக்க வியாபாரி பிரெடரிக் டியூடர் கட்டியது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே சேமித்து விற்றார்கள். பனிக்கட்டியை இங்கேயே தயாரிக்கும் இயந்திரம் வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது. பிறகு வக்கீல் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி வீடாக மாற்றினார். 1897-ல் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் தங்கியது அங்கேதான். இன்றைக்கு அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். இந்த இரண்டு கதைகளும் ஊரறிந்தவை. நடுவில் மொட்டைத் தலையும் முக்காடுமாக வந்த சிறுமிகள் அங்கே அல்ஜீப்ராவும் பூகோளமும் படித்த காலம் ஒன்று உண்டு. என்னைக் கேட்டால் அந்தக் கட்டடத்துக்குப் பெருமை சேர்த்த காலங்களில் அதையும் சேர்த்தே சொல்வேன்.

பின்கட்டிலேயே வளர்ந்த ஒரு பெண் அங்கே வந்து இறங்கும் முதல் நாளை நினைத்துப் பார்க்கிறேன். ஜன்னலைத் திறந்தால் கடல். மணி அடித்தால் வகுப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளும் தன்னைப் போலவே. அங்கே யாரும் யாருக்கும் அபசகுனம் இல்லை, ஏனென்றால் எல்லோரும் அதே நிலையில் இருப்பவர்கள். இதை எழுதும்போது எனக்கு அத்தைப் பாட்டியின் கரிக்கோடுகள்தான் நினைவுக்கு வருகின்றன. ஒரு சிலேட்டு கிடைத்திருந்தால் அவர் எங்கே போயிருப்பார்!

இதிலேயே இன்னொரு அழகும் இருக்கிறது. மாநிலக் கல்லூரியிலிருந்து தெற்கே நடந்தால், சிஸ்டர் பட்டம் வாங்கிய இடம், அவர் பெண்களைக் குடிவைத்த ஐஸ் ஹவுஸ், அவர் முதல்வராக இருந்த பயிற்சிக் கல்லூரி, இல்லத்துப் பெண்களுக்கு மேல்படிப்பின் கதவைத் திறந்த ராணி மேரிக் கல்லூரி எல்லாம் ஒரே சாலையில் அடுத்தடுத்து வரும். மெரினாவுக்குப் போகிறவர்கள் முகத்தைக் கடலின் பக்கம் வைத்துக்கொண்டே நடந்துவிடுகிறார்கள். ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பி, அந்தச் சாலையோடு நடந்து பாருங்கள்.

இனி கொஞ்சம் கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். சிஸ்டரின் இல்லம் பிராமண விதவைகளுக்கான இல்லம். ஆசாரம் கட்டாயம். சமையல், மடி, விரதம், பூஜை எல்லாம் வீட்டில் இருந்தபடியே நடந்தன. தலை மழித்து வந்த பெண்கள் அப்படியே இருக்கலாம். மறுமணத்தை அந்த இல்லம் முன்னிறுத்தவில்லை. விதவை மறுமணத்துக்கு அனுமதி தரும் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது. பக்கத்து ராஜமுந்திரியில் கந்துகூரி வீரேசலிங்கம் 1881-லேயே விதவை மறுமணம் நடத்திக் காட்டியிருந்தார். அப்படியிருக்க, 1912 வாக்கில் தொடங்கிய ஓர் இல்லம் ஏன் இவ்வளவு அடக்கி வாசித்தது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

பதிலுக்கு மராட்டியப் பக்கம் பார்க்க வேண்டும். பண்டித ரமாபாய் 1889-ல் பம்பாயில் சாரதா சதன் தொடங்கினார். உயர்சாதி விதவைகளுக்கான பள்ளி அது. ரமாபாய் கிறிஸ்தவராகியிருந்தார். சதன் பூனாவுக்கு மாறிய பின், பெண்களை மதம் மாற்றுகிறார் என்று 1893-ல் பெரும் சர்ச்சை வெடித்தது. திலகரின் கேசரி பத்திரிகை கடுமையாகத் தாக்கியது. குடும்பங்கள் வரிசையாக வந்து பெண்களை அழைத்துக்கொண்டு போய்விட்டன. ரமாபாயின் கல்விமேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. நம்பிக்கை போய்விட்டது, அதோடு பெண்களும் போய்விட்டார்கள். அந்தச் சதனில் படித்த கோதுபாய் என்ற விதவையைத்தான் பூனாவின் சீர்திருத்தக்காரர் கார்வே 1893-ல் மணந்தார். பின்னர் 1896-ல் விதவைகளுக்கென்று இல்லம் தொடங்கினார். ஒரு விதவை இல்லம் உயிரோடு இருப்பதும் மூடப்படுவதும் பெண்ணைப் பெற்றவர்களின் நம்பிக்கையில்தான் இருக்கிறது என்பதை அந்தக் காலத்தில் இந்த வேலையில் இறங்கிய எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

சிஸ்டரின் கணக்கு அந்த நம்பிக்கையைச் சுற்றித்தான். தன் மகளின் மடி கெட்டுவிடும் என்று ஓர் அப்பா நினைத்தால் அந்தப் பெண் வரவே மாட்டாள். வராத பெண்ணை எப்படிப் படிக்க வைப்பது? ஆகவே வாசல்படி வரை ஊரின் விதியை ஏற்றுக்கொண்டு, உள்ளே புத்தகத்தைக் கையில் கொடுத்தார். படித்து முடித்து, வேலைக்குப் போய், சம்பளத்தைக் கையில் வாங்கிய பெண் தன் தலையை என்ன செய்வது என்று தானே முடிவெடுப்பாள். இந்த வழியை நான் முழு மனதோடு சரி என்கிறேன். வீரேசலிங்கம் செய்ததைவிட இது துணிச்சல் குறைந்தது என்று சொல்பவர்கள், ஒரு குழந்தை விதவையின் அப்பாவை உட்கார வைத்துப் பேசிச் சம்மதிக்க வைப்பது என்ன பாடு என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஆனால் சாதி விஷயத்தில் எனக்கு அதே நிம்மதி இல்லை. குழந்தை மணமும் கட்டாயக் கைம்மையும் பிராமணக் குடும்பங்களில் மிகக் கொடூரமாக இருந்தன என்பது உண்மை. அதனால் அங்கே தொடங்கினார் என்பதும் புரிகிறது. இருந்தாலும் அரசாங்க உதவியோடு நடக்கும் ஓர் இல்லம் ஒரே சாதிப் பெண்களுக்கு என்றிருந்தால், மற்ற வீட்டுப் பெண்கள் எங்கே போவார்கள்? அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்குச் சாட்சி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவரும் 1886-ல் பிறந்தவர், சிஸ்டரைவிட மூன்று வாரம்கூட மூத்தவர் இல்லை. சிஸ்டர் பட்டம் வாங்கிய மறுவருஷம், 1912-ல், இவர் மருத்துவப் பட்டம் பெற்றார். தேவதாசி முறை ஒழிப்புக்காகப் போராடிக்கொண்டிருந்தபோது, அந்த வாழ்க்கையிலிருந்து தப்பி வந்த சிறுமிகளுக்கு எந்த விடுதியும் இடம் கொடுக்கவில்லை. தன் வீட்டிலேயே அவர்களைச் சேர்த்துக்கொண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் அவ்வை இல்லம். சாதி பார்க்காத இல்லம். இருவரையும் எதிரெதிரே நிறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒருவர் திறந்த கதவு எல்லோருக்கும் போதவில்லை, அதனால் இன்னொருவர் இன்னொரு கதவைத் திறக்க வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் சென்னைப் பெண்களின் கதை நேர்மையாக இருக்கும்.

1922-ல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது, சிஸ்டர்தான் முதல் முதல்வர். ஆசிரியைகளை உருவாக்குவதற்கென்றே ஒரு கல்லூரி, அதோடு சேர்ந்தே ஒரு பள்ளி. பயிற்சி பெறுகிறவர்கள் புத்தகத்தில் படித்ததை அந்தப் பள்ளியிலேயே வகுப்பெடுத்துப் பழகுவார்கள். இன்று பி.எட். படித்த எல்லோருக்கும் இது சாதாரண விஷயம். ஆனால் அன்றைக்கு, ஆண்கள் முன்னால் வாய் திறந்தே பழகாத ஒரு பெண் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று குரலை உயர்த்தப் பழகியது அந்தப் பள்ளியில்தான். பாடத்தைவிட அந்தக் குரல் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

எங்கள் அம்மாவின் அம்மா 1930-களில் ஒரு சிறிய ஊரில் படித்தவர். அவருடைய டீச்சரைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. டீச்சர் ஒரு கைம்பெண். வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை, கையில் ஒரு துணிப்பை. அவர் தெருவில் நடந்து வருவதைப் பார்த்துத் திண்ணையில் இருந்தவர்கள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். தங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அவர் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த பிறகு, அதே திண்ணைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பாட்டி அதைச் சொல்லும்போது குரலில் ஒரு வெற்றிக் களை இருக்கும். “எங்க டீச்சர் வந்தா மணியக்காரரே எழுந்துப்பார்டி” என்பார். விடியற்காலையில் எதிரே வரக் கூடாதவள் என்று சொல்லப்பட்ட ஒருத்தியின் முகத்தில்தான் அந்த ஊர்ப் பிள்ளைகள் தினமும் காலையில் விழித்தார்கள். “டீச்சர் மாதிரி நானும் ஆவேன்” என்று பாட்டி ஒருமுறை வீட்டில் சொல்லிவிட்டு, சுமங்கலியாகப் போக வேண்டியவள் பேசுகிற பேச்சா என்று அடி வாங்கியிருக்கிறார். டீச்சர் ஆக வேண்டுமென்றால் விதவையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்த தலைமுறை அது. பாட்டியின் மகள், என் அம்மா, கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை பெற்று முப்பது வருஷத்துக்குமேல் டீச்சராக இருந்தார்.

அரசு வேலை சிஸ்டருக்குப் பலம் கொடுத்தது, வாயையும் கொஞ்சம் கட்டியது. 1917-ல் சென்னையில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தில், அரசு ஊழியர் என்பதால் அவர் முறையான உறுப்பினராக முடியவில்லை. 1930-ல் ருக்மிணி லட்சுமிபதி வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாகிரகம் செய்து சிறை போனபோது, சிஸ்டர் கல்லூரி முதல்வரின் நாற்காலியில் இருந்தார். 1920-ல் ஆங்கிலேய அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்திருந்தது. இதை வைத்து அவரைக் குறைத்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது. பெண் கல்விக்கு அந்த அரசு ஒதுக்கியது சொற்பம். அந்தச் சொற்பத்தை வாங்கி, ஒரு பைசா வீணாகாமல் நம் பெண்களிடம் சேர்த்த கை அவருடையது.

வாய் திறக்க வேண்டிய இடத்தில் திறக்கவும் செய்தார். குழந்தை மணத்தைத் தடுக்க ஹர்பிலாஸ் சாரதா மசோதா கொண்டுவந்த சமயத்தில், மணவயது பற்றி விசாரிக்க மோரோபந்த் ஜோஷி தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. அதன் முன்னால் சிஸ்டர் சாட்சியம் சொன்னார். அப்போது சென்னையில் சனாதனிகளின் எதிர்ப்பு பலமாக இருந்தது. சாஸ்திரம், மரபு, அன்னிய அரசு நம் வீட்டுக்குள் நுழைவதா என்று எத்தனையோ வாதம். அந்த வாதங்களுக்கு எதிரே தானே அந்த மரபில் சிக்கி, பிறகு அதே கதிக்கு ஆளான பெண்களை வருஷக்கணக்கில் தன் இல்லத்தில் பார்த்த ஒருவர் வந்து பேசினார். சட்டம் 1929-ல் நிறைவேறியது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. அமலுக்கு வந்த நாள் 1930 ஏப்ரல் 1. அந்தத் தேதிக்குள் முடித்துவிட வேண்டும் என்று நாடு முழுக்க அவசர அவசரமாகக் குழந்தைக் கல்யாணங்கள் நடந்தன என்பது இந்தக் கதையின் மிக வலிக்கிற பக்கம்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்காரவில்லை. 1942-ல் மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் தொடங்கினார். வயது வந்த பெண்களுக்கான பள்ளி அது. எனக்கு இந்தத் தொடக்கம் மிகவும் பிடிக்கும். முதலில் அவர் தேடிப்போனது புருஷனை இழந்த பெண்களை. இப்போது தேடியது, வளர்ந்து குடும்பஸ்தியாகிவிட்ட பிறகும் படிப்பின் ஏக்கம் தீராத பெண்களை. சிறுவயதில் பாதியில் நின்றுபோன படிப்பை முப்பது வயதில் திரும்பத் தொடங்குவதற்குப் பெரிய மனத் துணிவு வேண்டும். பேரன் வயசுப் பையன் படிக்கிற பாடத்தைப் பாட்டி படிப்பதா என்று வீட்டில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைத் தாண்டி வருகிறவளுக்கு ஓர் இடம் வேண்டும்.

அப்புறம் 1952 முதல் 1956 வரை சட்ட மேலவையில் இருந்தார். மயிலாப்பூர் மகளிர் மன்றத்தின் வழியாக வித்யா மந்திர் பள்ளி உருவாகத் துணை நின்றார். தாம்பரத்துக்குப் பக்கத்தில் மாடம்பாக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சமூக சேவை மையம் அமையவும் உழைத்தார். அது 1954, அவருக்கு வயது 68. 1958-ல் பத்மஸ்ரீ. 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசி நாளில் காலமானார்.

சிஸ்டரைப் பற்றி இன்று தேடினால் இந்த விவரமெல்லாம் கிடைத்துவிடும். கிடைக்காமல் போவது அந்தப் பெண்களின் பெயர்கள். ஐஸ் ஹவுஸில் படித்து, பயிற்சி முடித்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு ஏதோ ஒரு தாலுகா ஊரில் இறங்கி, பெண்கள் பள்ளியில் கையெழுத்துப் போட்ட டீச்சர்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பெயரைச் சொல்லிக்கொள்ள நேர்வாரிசு இல்லை. அண்ணன் மகன், தங்கை பேத்தி என்று பக்கத்து வழியில்தான் அவர்கள் நினைவு தங்கியிருக்கும். உங்கள் வீட்டில் யாராவது “டீச்சர் அத்தை”, “டீச்சர் பெரியம்மா” என்று ஒருவரைச் சொன்னால், அவர் கைம்பெண்ணா, எங்கே படித்தார், எந்த ஊரில் வேலை பார்த்தார் என்று இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். பரணில் பழைய வகுப்புப் புகைப்படம் இருந்தால் பின்பக்கம் பெயரைக் குறித்து வையுங்கள். சொல்லக்கூடிய வயதில் இருப்பவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது.